முக்திநாத்துக்கு மூட்டை கட்டுதல்

தென்னேரியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உயரம் என்பது ஏரிக்கரையின் உயரமே. திரையன் என்னும் பழைய வேந்தனின் பெயரோடு சேர்த்துப் பெரியவர்கள் சொல்லிவரும் அந்த ஏரியின் கரைமேல் ஏறி நின்றால், ஒருபுறம் நீர்ப்பரப்பும் மறுபுறம் வயல்வெளியுமாகப் பூமி சமனாக விரிந்து கிடக்க, பனைமரங்களை விட ஓங்கிய பொருள் உலகில் உண்டு என்பதை நினைப்பதற்கே முகாந்திரம் இராது. கடல் மட்டத்துக்கு மேல் நூறு மீட்டர்கூட உயராத இந்தச் சமவெளியில், நெல்லின் பருவத்தையும் ஏரியின் மதகையும் கணக்காகக் கொண்டு வாழ்ந்து பழகிய ஒரு குடும்பம், இமயமலையின் மடியில் ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் உள்ள முக்திநாத்தைச் சேவிக்கப் புறப்படுகிறது என்றால், அதற்காக அது செய்ய வேண்டிய ஆயத்தங்கள் பெட்டியில் துணி அடுக்குவதோடு முடிந்துவிடுவன ஆகா.

நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் பாரத நாட்டின் எல்லைக்கு அப்பால், இப்பூவுலகில் இருப்பது இது ஒன்றே. திருமங்கையாழ்வாரும் பெரியாழ்வாரும் சாளக்கிராமம் என்று பாடிப் போற்றிய திருத்தலமாக இதனை நம்மவர்கள் கொண்டாடுகிறார்கள். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் திவ்விய தேச யாத்திரையை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வருபவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இறுதியாக எஞ்சி நிற்பது பெரும்பாலும் இந்த நேபாளத்துத் தலந்தான். ஆகவே கோரக்பூர் வரையில் ரயில், அங்கிருந்து சுனௌலி எல்லை வழியாகப் பஸ், பொக்காராவில் தங்கல், ஜோம்சோமுக்கு விமானம் அல்லது ஜீப், திரும்புகையில் காத்மாண்டுவில் பசுபதிநாதர், புதநீலகண்டர் தரிசனம் என்று எல்லாவற்றையும் தாமே வகுத்து, சமையல்காரரையும் உடன் அழைத்துச் செல்லும் யாத்திரை ஏற்பாட்டாளர்களை நம்பியே நம்மவர்கள் புறப்படுகிறார்கள்.

இந்த நம்பிக்கையைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்குக் காஞ்சியின் சம்பிரதாய வாதம் ஒன்று நினைவுக்கு வரும். தூப்புலில் அவதரித்த வேதாந்த தேசிகரின் வழிவந்தவர்கள், குரங்குக்குட்டி தன் தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்வது போல் சீவனுக்கும் சிறிது முயற்சி வேண்டும் என்றார்கள். பிள்ளை லோகாசாரியரின் வழியினரோ, பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்வது போல் பகவான் தானே ஏற்றுக்கொள்வான் என்றார்கள். தத்துவத்தில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனால் ஏற்பாட்டாளரோடு போகும் மலை யாத்திரையைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை: டிக்கெட்டு, அறை, உணவு, வண்டி ஆகிய அனைத்திலும் நாம் பூனைக்குட்டிகளாக இருக்கலாம், மூச்சு ஒன்றில் மட்டும் குரங்குக்குட்டியாகத்தான் இருந்தாக வேண்டும். நம் மூட்டையைப் பிறர் சுமப்பார்கள். நம் நுரையீரலைச் சுமக்க எவரும் வரமாட்டார்கள். முன்பணம் கட்டிய அன்றே கவலை முழுவதையும் இன்னொருவர் தலையில் இறக்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளும் மனப்பான்மையே இத்தகைய யாத்திரைகளில் பெரிய அபாயம் என்று கருதுகிறேன்.

முன்னோர்கள் இப்படி நினைக்கவில்லை. சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் துவிபாஷியாக இருந்த ஏனுகுல வீராசாமி, 1830ஆம் ஆண்டு மே மாதம் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டு, 1831 செப்டம்பரில்தான் வீடு திரும்பினார். பரிவாரத்தோடும் பல்லக்கோடும் கூடாரங்களோடும் போன அவர், வழியில் ஒவ்வொரு தங்கலிலும் என்ன பண்டம் கிடைக்கும், தண்ணீர் எப்படி, பாதை எத்தகையது என்று தெலுங்கில் எழுதிக்கொண்டே போனார். அந்தக் குறிப்புகள் 1838இல் காசியாத்திரை சரித்திரம் என்ற நூலாக அச்சேறின. தமக்குப் பின்னால் வரப்போகும் முகம் தெரியாத யாத்திரிகனுக்காக அவர் கொண்ட அந்தச் சிரத்தையைப் படிக்கும்போது, பக்தி என்பதில் புளி எங்கே கிடைக்கும் என்று விசாரித்து எழுதி வைப்பதும் ஓர் அங்கமே என்பது விளங்கும். இன்று அந்த விசாரணை முழுவதையும் ஏற்பாட்டாளர் செய்துவிடுகிறார். ஆனால் அவர் விசாரித்து அறிந்ததை நாமும் கேட்டு அறிந்துகொள்வதை யாரும் தடுக்கவில்லை.

ஆவணங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 1950ஆம் ஆண்டின் இந்திய நேபாள உடன்படிக்கையின் பயனாக நமக்கு விசா தேவைப்படுவதில்லை. பாஸ்போர்ட்டோ, தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அடையாள அட்டையோ இருந்தால் போதும். பதினைந்து வயதுக்கு மேல் அறுபத்தைந்துக்குள் இருப்பவர்கள் ஆதார் அட்டையை மட்டும் நம்பிப் போவது தகாது. நம் ஊரில் தகப்பனார் பெயர் ஓர் அட்டையில் தலையெழுத்தாகவும் இன்னோர் அட்டையில் முழுப்பெயராகவும் இருப்பது சகஜமாகையால், டிக்கெட்டில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. நமது ஒரு ரூபாய்க்கு அங்கே ஒரு ரூபாய் அறுபது காசு என்ற விகிதம் 1993 முதல் மாறாமல் இருக்கிறது. பெரிய நோட்டுகளைக் குறித்த விதிகளோ அடிக்கடி மாறுவதால், நூறு ரூபாய் நோட்டுகளாகக் கொண்டுபோவதே நிம்மதி.

மூட்டையின் எடைதான் உண்மையான பரீட்சை. பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குப் பறப்பது பத்தொன்பது பேர் அமரக்கூடிய சிறு விமானம். தவளகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் நடுவே காளி கண்டகி அறுத்து வைத்திருக்கும் பள்ளத்தாக்கின் வழியே, முற்பகலில் பெருங்காற்று எழும்புவதற்கு முன், சுமார் இருபது நிமிஷத்தில் அது போய் இறங்கிவிட வேண்டும். அத்தகைய விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. வீட்டிலோ, கூடத்தில் விரித்த பாயின்மேல் நாளுக்கு நாள் பொருள்கள் குவிந்துகொண்டே போகின்றன: கம்பளிச் சட்டை, குரங்குக் குல்லாய், காதை மூடும் மப்ளர், இரண்டிரண்டாகக் காலுறைகள், டார்ச்சு, உலர்ந்த துண்டுகள், மாற்று வேஷ்டி, புடைவை. கோயிலின் பின்புறச் சுவரில் பசுமுகங்களிலிருந்து கொட்டும் நூற்றெட்டுத் தாரைகளின் கீழும், முன்னுள்ள இரு குண்டங்களிலும் நீராடுவது வழக்கம். உறைபனியின் குளிரோடு விழும் அந்த நீரில் முதியவர்கள் முழுதும் நனையாமல் தலையில் புரோட்சித்துக்கொள்வதே விவேகம் என்றாலும், நீராடியே தீருவேன் என்று சங்கற்பித்துக்கொண்டவர்களுக்கு, ஈரம் மாற்றிக்கொள்ள உலர்ந்த துணி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். பட்டுப்புடைவையை மடித்து வைக்கும் கைகள் அந்த உலர்ந்த துண்டை மறந்துவிடக் கூடாது.

பாயின் ஒரு மூலையில் என் மனைவியும் அவள் தமக்கையும் சேர்த்து வைத்திருக்கும் தின்பண்டங்களை யாரும் குறை சொல்ல நான் விடமாட்டேன். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், பொரிவிளங்காய் உருண்டை, இஞ்சி மரப்பா ஆகியவற்றோடு, சுக்கும் மிளகும் சீரகமும் சேர்த்து வரதராஜப் பெருமாள் கோயிலில் மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து வேகவைப்பார்களே, அந்தக் கோயில் இட்லியும் முதல் இரண்டு நாளைக்கு வருகிறது. பல நாள் கெடாதிருக்கும்படி ஓர் உணவைச் சமைக்க அறிந்த ஊர், யாத்திரையின் இலக்கணத்தை அறிந்த ஊர். பசி மந்தித்துப் போகும் மலை உயரத்தில், பழகிய புளிப்பும் காரமும் நாவில் பட்டால்தான் இரண்டு கவளம் உள்ளே இறங்கும். உணவு இறங்கினால்தான் உடல் நிற்கும். ஆனால் புளிக்காய்ச்சலைச் சம்புடத்தில் நிரப்பும்போது விளிம்பு வரை வழித்து நிரப்பாமல் இரண்டு விரற்கடை இடம் விட்டு, மூடியின் திருகைத் துணியால் துடைத்து, அதன்மேல் பாலிதீன் தாளைச் சுற்றிக் கட்ட வேண்டும். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதால், கடையில் வாங்கிய பொட்டலங்கள் வயிறு உப்பிக்கொள்கின்றன, சரியாக மூடாத சம்புடங்கள் எண்ணெயைக் கக்குகின்றன. தலைக்குத் தேங்காய் எண்ணெய் கொண்டுபோனால் அது குளிரில் வெண்கட்டியாக உறைந்து புட்டியை விட்டு வெளியே வராது, ஆகையால் நல்லெண்ணெய்.

சமையல்காரர்களின் சாமர்த்தியத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. முக்திநாத்தின் உயரத்தில் தண்ணீர் நூறு டிகிரிக்குப் பதிலாக எண்பத்தேழு எண்பத்தெட்டு டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கிற நீரைக் கண்டு பருப்பு வெந்துவிட்டது என்று எண்ணினால், அது எத்தனை நாழிகை ஆனாலும் கல்லாகவே இருக்கும். யாத்திரைக் கோஷ்டியோடு போகும் சமையல்காரர், பௌதிக சாஸ்திரம் படிக்காவிட்டாலும், பெரிய குக்கரைத் தன் கண்போல் பாதுகாத்து எடுத்துப்போவதன் காரணம் இதுதான். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, விரல் விறைக்கும் குளிரில் ஐம்பது பேருக்கு ரசம் வைக்கும் அந்த மனிதருக்கு ஒரு நல்ல கம்பளிச் சட்டை இருக்கிறதா என்று கேட்டறிவதும் நம் ஆயத்தத்தில் சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

மருந்துப் பெட்டியை அடுக்கும்போது, எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத திருமுக்கூடல் கல்வெட்டை நினைக்காமல் இருக்க என்னால் இயலவில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கலக்கும் அந்த இடத்தில், வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில், பதினோராம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட சாசனம், பதினைந்து படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுரசாலையைப் பற்றிப் பேசுகிறது. வைத்தியர், சல்லியக்கிரியை செய்பவர், மருந்து கொண்டுவருவோர், பணிவிடைப் பெண்டிர் ஆகியோருக்கு உரிய ஊதியத்தைச் சொன்னதோடு நில்லாமல், ஓராண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய ஏறத்தாழ இருபது மருந்துகளின் பெயரையும் வரிசையாகக் கூறுகிறது. தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம், புராண கிருதம் என்று அந்தப் பெயர்களைப் படிக்கும்போது, நோய் வந்தபின் ஓடித் தேடாமல் வருவதற்கு முன்னே எண்ணி வைத்த ஒரு சமூகத்தின் முன்யோசனை நம் கண்முன் நிற்கிறது. அந்த மண்ணுக்கு உரியவர்கள் நாம். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உண்ணும் மாத்திரைகளை யாத்திரை நாள்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எண்ணி, டாக்டரின் சீட்டோடு, விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் அது உறைந்துவிடாதபடி சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். மலைநோய்க்கு முன்காப்பாக டாக்டர்கள் அசெட்டசோலமைடு என்ற மாத்திரையைக் கொடுப்பதுண்டு; சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் போன வருஷம் சாப்பிட்டார் என்று அவர் மிச்சம் வைத்த மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வது மட்டும் கூடாது.

உடலை ஆயத்தப்படுத்த எங்களுக்குப் பழையசீவரம் மலை இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பாரிவேட்டைக்கு எழுந்தருளும் அந்தச் சிறிய குன்றின் படிகளை, மூச்சு வாங்காமல் ஏறி லட்சுமி நரசிம்மரைச் சேவித்துவிட்டு இறங்கப் பழகினால், கால் தசைகளுக்கும் இருதயத்துக்கும் நல்ல பயிற்சிதான். விடியற்காலையில் ஏரிக்கரையில் செருப்பை விட்டுவிட்டுப் புது ஷூவைப் போட்டுக்கொண்டு நடப்பதும் அதற்காகவே. பழகாத ஷூவோடு மலைக்குப் போகிறவனுக்கு முதல் நாளே குதிகாலில் கொப்புளம் எழும். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 3,700 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அந்தக் குறையை ஈடுசெய்ய உடலுக்கு வேண்டியது பலம் அன்று, அவகாசம். நன்றாக நடக்கிற இளைஞனையும் மலைநோய் பிடிக்கிறது. அதனால்தான் 3,000 மீட்டருக்கு மேலே போனபின் இரவு உறங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்று வைத்திய சாஸ்திரம் விதிக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 820 மீட்டர் உயரத்திலுள்ள பொக்காராவிலிருந்து நேரே முக்திநாத்துக்கு ஏறி அங்கேயே இரவு தங்கச் சொல்லும் திட்டத்தை விட, சுமார் 2,740 மீட்டரில் உள்ள ஜோம்சோமில் தங்கி, காலையில் மேலே போய்ச் சேவித்துவிட்டு மாலைக்குள் இறங்கிவிடும் திட்டமே, ஒரு நாள் கூடுதலாகச் செலவானாலும், என் நோக்கில் உயர்ந்தது.

தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். நடை தள்ளாடினாலோ, சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, அதற்கு மருந்து ஒன்றே: உடனே கீழே இறங்குவது. இதைத்தான் யாத்திரிகனின் மனம் ஏற்க மறுக்கிறது. வாழ்நாள் முழுவதும் சேர்த்த ஆசை, கட்டிய பணம், நூற்றைந்தாவதோடு நின்றுவிடுமோ என்ற தாபம், இன்னும் அரைமணி நடந்தால் சன்னிதி என்ற அருகாமை, இவை எல்லாம் ஒன்றுகூடி, தலை வெடிப்பதை வெளியில் சொல்லாதே என்று வாயை மூடிவிடுகின்றன. கயிலையைக் காண்பேன் என்று புறப்பட்ட திருநாவுக்கரசர், கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, பின் உருண்டும் போனார் என்று சேக்கிழார் சொல்வதைக் கேட்டு உருகாதவர் இல்லை. ஆனால் அந்த வரலாற்றின் முடிவை நாம் போதிய அளவு தியானிப்பதில்லை. முனிவர் வடிவில் வந்த இறைவன் அவரைத் திரும்பச் சொன்னான். பொய்கையில் மூழ்கச் சொன்னான். அவர் எழுந்தது திருவையாற்றில். கயிலைக் காட்சியைக் கண்டதும் அங்கேதான். மலைமேல் ஏறிச் சேராத ஒருவருக்கு மலையின் தரிசனம் சமவெளியில், காவிரிக் கரையில் கிடைத்தது என்பதை நம் பெரியவர்களே சொல்லி வைத்திருக்க, பாதி வழியில் திரும்ப நேர்ந்தவனைத் துரதிருஷ்டசாலி என்று கருத நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

புறப்பாடு ஊரில் தெரிந்துவிட்டதால், தெருவில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக வந்து போகிறார்கள். எதிர்வீட்டு மூதாட்டி மஞ்சள் துணியில் முடிந்த ஐந்து ரூபாய் நாணயத்தை என் மனைவியின் கையில் வைத்து, "என் பேரச் சொல்லி ஒரு முழுக்குப் போட்டுட்டு வாம்மா, எனக்கு முழங்கால் வரலை" என்றாள். எடைக் கணக்கில் சேராத இந்தச் சிறு முடிச்சுகளை எல்லாம் ஒரு பையில் போட்டு, யாருடையது எது என்று பெயர் எழுதி வைத்திருக்கிறோம். குளிர்நீர் தலையில் புரோட்சித்துக்கொள்ளும்போது அத்தனை பெயரையும் சொல்லியாக வேண்டும்.

போகும் நிலத்தைப் பற்றிச் சிறிதாவது படித்துக்கொண்டு போவது, விருந்தாளியின் கடமை. நமக்கு முக்திநாராயணனாகக் காட்சி தரும் அதே மூர்த்தியை அங்குள்ள பௌத்தர்கள் அவலோகிதேசுவரராக வணங்குகிறார்கள். அருகே நீரோடு சேர்ந்து இயற்கை வாயு எரியும் ஜ்வாலா மாயி சன்னிதியைப் பௌத்தப் பிக்குணிகள் பேணி வருகிறார்கள். இரண்டு சமயத்தாரும் ஒரே வளாகத்தில் அமைதியாக வழிபட்டு வரும் இடத்தில், நாம் வரிசையை முறித்துக்கொண்டு முந்துவதும், ஈரத்துணியை எங்கும் பிழிவதும் தகாது. காளி கண்டகியில் கிடைக்கும் சாளக்கிராமச் சிலைகள், இமயம் எழுவதற்கு முன் அங்கே கிடந்த தெத்தீஸ் கடலில் சுமார் பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சுருள்சங்கு உயிர்களின் கல்லான வடிவங்கள் என்று பூகர்ப்ப சாஸ்திரம் கூறுகிறது. இதைக் கேட்டு என் பக்தி குறையவில்லை. உலகின் உச்சியில் நின்றுகொண்டு, கடலின் அடியில் கிடந்த ஒன்றைக் கையில் ஏந்தி அதில் திருமாலின் சக்கரத்தைக் காண்பதற்கு நம்மவர்களுக்கு இருந்த பார்வையை எண்ணி வியப்பே அதிகமாகிறது.

இனிச் செய்ய வேண்டியவை சிலவே. துளசி மாடத்துக்குத் தண்ணீர் விடுவதைத் தமக்கையின் மருமகள் ஏற்றுக்கொண்டிருக்கிறாள். பெட்டியை அரிசிக் கடைத் தராசில் நிறுத்து, மிகுந்ததை எடுத்துவிட வேண்டும். எதை எடுப்பது என்பதில் வீட்டில் இன்னும் ஒருமனப்படவில்லை, கம்பளிப் போர்வையை விட முறுக்கு டின்னே போகட்டும் என்பது என் கட்சி. புறப்படுவதற்கு முன் காஞ்சிபுரத்தில் ஒரு மண்டபத்தில் யாத்திரிகர்கள் அனைவரையும் கூட்டி ஏற்பாட்டாளர் விவரம் சொல்லுவார். அங்கே மற்றவர்கள் அறையில் வெந்நீர் உண்டா, ஏகாதசியன்று பலகாரம் உண்டா என்று கேட்பார்கள்; கேட்க வேண்டிய கேள்விகள்தாம். நான் கேட்கப்போவது வேறு: மேலே ஒருவருக்கு மூச்சுத் திணறினால், அவரை இறக்கிக்கொண்டு வருவதற்கென்று தனியாக ஒரு ஜீப்பு நிறுத்தி வைத்திருக்கிறீர்களா, அவரோடு கீழே வரப்போகும் உங்கள் ஆள் யார், இறங்கித்தான் ஆக வேண்டும் என்று அந்த இடத்தில் முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு? இவற்றுக்கு அவர் தெளிவாக விடை சொன்ன பின்னரே மிச்சப் பணத்தைக் கட்டுவது என்று தீர்மானித்திருக்கிறோம்.